மூளையின் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது? ஒரு பக்கவாதத்தை முன்வைத்து விரிவான பதில்

உங்கள் தந்தையாருக்கு மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வந்ததாகவும், வலது கை முழுவதும் விழுந்துவிட்டதாகவும், வலது காலை ஓரளவு அசைப்பதாகவும், பேச்சு ஏறக்குறைய நின்றுபோய் ஓரிரு சொற்களே வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூளையின் எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது, இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலக்கை ஏன் விழுகிறது, நாம் பேசுவது அவருக்குப் புரிகிறதா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விதான் உங்களை வாட்டுகிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. அதற்குப் பொறுப்பாக விடை சொல்ல வேண்டுமானால் முதல் இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும் என்பதால், பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வளர்ந்த மனிதரின் மூளை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ எடை இருக்கும். உடல் எடையில் இது 2 விழுக்காடுதான். ஆனால் நாம் சும்மா படுத்திருக்கும்போதுகூட உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை மூளையே எடுத்துக்கொள்கிறது. தசையைப் போலவோ கல்லீரலைப் போலவோ பெரிய சேமிப்பு எதையும் அது வைத்துக்கொள்வதில்லை. கழுத்தின் முன்புறம் ஏறும் இரண்டு தமனிகளும், கழுத்தெலும்பின் வழியே பின்புறமாக ஏறும் இரண்டு தமனிகளும் கொண்டுவரும் ரத்தத்தை நம்பியே அது நொடிக்கு நொடி இயங்குகிறது. முழு மூளைக்கும் ரத்தம் நின்றுபோனால் சில நொடிகளில் நினைவு தப்பும். ஒரு கிளைக்குழாய் மட்டும் அடைபட்டால், அந்தக் கிளை ஊட்டும் பகுதியிலுள்ள நரம்புச் செல்கள் சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்கும். அடைப்பால் வரும் பக்கவாதத்தில் நடப்பது இந்த இரண்டாவது நிகழ்வு. ஆகவே எந்தக் குழாய் அடைபட்டது, அது எந்தப் பகுதிக்கு உரியது என்பதைப் பொறுத்தே ஒருவர் எதை இழக்கிறார் என்பது அமைகிறது. மூளையின் பகுதிகளைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்தவற்றில் பெரும்பங்கு, இப்படி எதையோ இழந்த மனிதர்கள் வழியாகவே கிடைத்தது.

கீழிருந்து மேலாகப் போவது எளிது. தண்டுவடம் மண்டையோட்டுக்குள் நுழைந்ததும் சற்றே பருத்து மூளைத்தண்டாகிறது. முகுளம், பான்ஸ், நடுமூளை என்று அதற்கு மூன்று அடுக்குகள். கட்டை விரல் அளவே உள்ள இந்தத் தண்டில்தான் மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், விழுங்குதல், இருமல், வாந்தி ஆகியவற்றை நடத்தும் மையங்கள் இருக்கின்றன. நாம் விழித்திருப்பதற்குத் தேவையான வலைப்பின்னலும் இதனுள்ளேயே ஓடுகிறது. அது சேதமானால், மேலே பெருமூளை நன்றாக இருந்தாலும் ஆள் விழிக்க மாட்டார். இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைச்சாவு என்று வரையறுப்பது மூளைத்தண்டின் நிரந்தரச் செயலிழப்பையே. கருவி மூச்சை நடத்தி, இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும், கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, தொண்டையைத் தொட்டால் இருமுகிறாரா, மூச்சுக் கருவியை நிறுத்தினால் தாமாக மூச்சிழுக்கிறாரா என்று மருத்துவர்கள் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிப்பது இந்தத் தண்டு வேலை செய்கிறதா என்பதை அறியத்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. பெருமூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பிழைகள் முகுளத்தின் அடிப்பகுதியை அடைந்ததும், அவற்றில் பெரும்பாலானவை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் குறுக்கே கடந்து, அதன் பிறகே தண்டுவடத்தில் இறங்குகின்றன. எனவே இடப்பக்கப் பெருமூளை வலக்கையை ஆள்கிறது. வலப்பக்கம் இடக்கையை ஆள்கிறது. தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் இழைகளும் வழியில் ஓரிடத்தில் இதே போல் பக்கம் மாறுகின்றன. ஏன் இப்படி மாற வேண்டும் என்பதற்குப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன; எதுவும் எனக்கு நிறைவாகத் தோன்றவில்லை. முதுகெலும்புள்ள விலங்குகளில் பரவலாகக் காணப்படும் மிகப் பழைய ஏற்பாடு இது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூளைத்தண்டின் பின்னால், பிடரிக்குச் சற்று மேலே அமர்ந்திருப்பது சிறுமூளை. பெயர் சிறியதாக இருப்பதால் அதைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது. மூளையின் பருமனில் பத்தில் ஒரு பங்கே இருக்கும் இதற்குள், மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் ஏறத்தாழ 6,900 கோடி அடங்கியிருக்கின்றன. இயக்கத்தைத் தொடங்குவது இதன் வேலையன்று. தொடங்கிய இயக்கம் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில், எப்போது நிற்க வேண்டும் என்று கணித்துத் திருத்துவதே இதன் வேலை. மருத்துவர் உங்கள் தந்தையிடம், நல்ல கையின் ஆள்காட்டி விரலால் தம் மூக்கைத் தொட்டு, பிறகு மருத்துவரின் விரலைத் தொடும்படி கேட்டிருப்பார். சிறுமூளை பாதிக்கப்பட்டவருக்குக் கையில் வலு இருக்கும். ஆனால் விரல் இலக்கை நெருங்க நெருங்க ஆடி, மூக்கைத் தாண்டிக் கன்னத்தில் போய் இடிக்கும். குடித்தவர் தள்ளாடுவதும் நாக்குழறுவதும் மது சிறுமூளையைத் தாக்குவதன் விளைவுகளே. சிறுமூளையின் இணைப்புகள் இரண்டு முறை பக்கம் மாறுவதால், அதன் இடப்பக்கச் சேதம் உடலின் இடப்பக்கத்திலேயே தெரியும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பெருமூளையின் ஆழத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், சில சிறு உறுப்புகள் இருக்கின்றன. தலாமஸ் என்பது முட்டை வடிவில் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த இணை. பார்வை, கேட்டல், தொடுவுணர்வு, சுவை என்று மேலே செல்லும் செய்திகள் யாவும் இங்கே நின்று, வகைபிரிக்கப்பட்டே பெருமூளையின் மேற்பரப்பை அடைகின்றன. மணம் ஒன்றுதான் தலாமஸை முதலில் தொடாமல் நேரே உள்ளே போகும் விதிவிலக்கு. தலாமஸுக்குக் கீழே இருக்கும் ஹைப்போதலாமஸ் சில கிராம் எடைதான். உடலின் வெப்பம், பசி, தாகம், தூக்கம் விழிப்பு ஆகியவற்றின் நாள்சுழற்சி யாவும் அதன் பொறுப்பு. அதற்கடியில் தொங்கும் பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் வழியாக தைராய்டு, அட்ரீனல், இனப்பெருக்கச் சுரப்பிகள் ஆகியவற்றையும் அதுவே ஆட்டுவிக்கிறது.

தலாமஸைச் சுற்றி அமைந்த அடித்தள முடிச்சுகள், எந்த அசைவைத் தொடங்குவது, எதை அடக்குவது என்று தேர்ந்தெடுக்க உதவுகின்றன. அவற்றுக்கு டோபமைன் என்ற வேதிப்பொருளை அனுப்பும் கருநிறச் செல்கூட்டம் ஒன்று நடுமூளையில் இருக்கிறது. அந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிவதுதான், 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதிய நடுக்கவாதத்தின் மூலகாரணம். அந்த நோயாளிக்குத் தசையில் வலு இருக்கும். ஆனால் எழுந்து முதல் அடி எடுத்துவைப்பதே பெரும்பாடாக இருக்கும். பக்கவாதத்தின் பலவீனத்திலிருந்து இது எவ்வளவு வேறுபட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நினைவாற்றலைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஒரு மனிதருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று சொன்னால் மிகையாகாது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர் கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்டார். 1953இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கங்களிலும், காதை ஒட்டிய பக்கவாட்டுப் பகுதியான பொட்டு மடலின் உட்பகுதியை அகற்றினார். அகற்றப்பட்டவற்றில் ஹிப்போகாம்பஸ் என்ற வளைந்த உறுப்பின் பெரும்பகுதியும் இருந்தது. வலிப்பு குறைந்தது, ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் கழித்துத் திரும்பினால், முதன்முறையாகச் சந்திப்பவரைப் போல வரவேற்பார். அதே சமயம் அவருடைய அறிவுக்கூர்மை குறையவில்லை. சிறுவயது நினைவுகள் பல இருந்தன. ஓர் எண்ணை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் வரையில் அதை வைத்திருக்கவும் முடிந்தது.

அவரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் பிரெண்டா மில்னர். அவர் செய்த சோதனைகளில் ஒன்று இன்றும் என்னை வியக்கவைக்கிறது. ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கிடையே பென்சிலால் வரைய வேண்டும். ஆனால் தம் கையை நேரடியாகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்க்க வேண்டும். முதல் நாள் எல்லோரையும் போல மொலைசனும் கோட்டை விட்டு வெளியே போய்த் தடுமாறினார். அடுத்தடுத்த நாட்களில் அவருடைய கை தேறிக்கொண்டே வந்து, கடைசியில் பிசிறில்லாமல் வரைந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும், இந்தச் சோதனையை இதற்கு முன் செய்ததே இல்லை என்றே அவர் சொன்னார். நிகழ்ச்சிகளை நினைவில் பதிக்கும் வழி வேறு, கைப்பழக்கத்தைப் பதிக்கும் வழி வேறு என்பது இதனால் உறுதியானது. ஹிப்போகாம்பஸ் முதல் வழிக்கே இன்றியமையாதது. இரண்டாவதை அடித்தள முடிச்சுகளும் சிறுமூளையும் பார்த்துக்கொள்கின்றன. 2008இல் மொலைசன் இறந்தபின் அவர் மூளை 2,401 மெல்லிய துண்டங்களாகச் சீவப்பட்டுப் படமெடுக்கப்பட்டது. இத்தகைய வேலை இப்போது நம் ஊரிலும் நடக்கிறது: சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள குழந்தையின் மூளைக்கான முப்பரிமாண வரைபடத்தை 5,132 துண்டங்களின் படங்களைக் கொண்டு உருவாக்கி 2024 டிசம்பரில் வெளியிட்டது.

ஹிப்போகாம்பஸின் முன்முனையை ஒட்டியிருக்கும் வாதுமைப் பருப்பளவு உறுப்பு அமிக்டலா. ஆபத்தை அடையாளம் கண்டு அச்சத்தைக் கிளப்புவதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. அமிக்டலாவை "அச்ச மையம்" என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவது சரியன்று. இரு அமிக்டலாக்களும் அழிந்துபோய்ப் பாம்புக்கும் அஞ்சாத ஒரு பெண்மணி, கரியமில வாயு மிகுந்த காற்றைச் சுவாசித்தபோது பீதியில் துடித்தார் என்று 2013இல் பதிவாகியிருக்கிறது.

இனி மேற்பரப்புக்கு வருவோம். பெருமூளையின் புறணி 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனே உள்ள சாம்பல் நிறப் படலம். பெரிய தாளைக் கசக்கிச் சிறு பெட்டிக்குள் திணித்ததைப் போல மடிந்து மடிந்து கிடப்பதால்தான் அது மண்டையோட்டுக்குள் அடங்குகிறது. அதற்கு அடியில் இருக்கும் வெண்ணிறப் பொருள் முழுவதும் இணைப்பு இழைகள். இடம், வலம் என்ற இரண்டு அரைக்கோளங்களையும் சுமார் 20 கோடி இழைகள் கொண்ட கார்ப்பஸ் கலோசம் என்ற பட்டை இணைக்கிறது. ஒவ்வோர் அரைக்கோளத்தையும் நெற்றி மடல், உச்சி மடல், பொட்டு மடல், பிடரி மடல் என்று நான்காகப் பிரிப்பது வழக்கம். தலையில் அவை இருக்கும் இடத்தைப் பெயரே சொல்லிவிடும்.

நெற்றி மடலின் பின் ஓரத்தில், காதிலிருந்து உச்சி நோக்கி ஏறும் ஒரு பட்டைதான் தசைகளுக்குக் கட்டளையிடும் இடம். அதற்கு நேர் பின்னால், உச்சி மடலின் முன் ஓரத்தில், தொடுவுணர்வைப் பெறும் பட்டை இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையைத் திறந்து, மிக மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார். மூளைக்குத் தனக்கென்று வலியுணர்வு இல்லாததால் இது சாத்தியமாயிற்று. தொட்ட இடத்துக்கேற்ப உதடு அசைந்தது, விரல் மடங்கியது, கால் சிலிர்த்தது. அவற்றைத் தொகுத்து அவர் 1937இல் வெளியிட்ட வரைபடத்தின்படி, பட்டையின் கீழ்ப்பகுதியில் முகமும் நாக்கும், நடுவில் கையும், மேலேறி உட்புறமாக மடியும் இடத்தில் காலும் இருக்கின்றன. முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் மிகக் குறைவு. கட்டை விரலுக்கும் உதடுகளுக்கும் கிடைத்த இடம் மிக அதிகம். எந்த உறுப்பு நுட்பமாக வேலை செய்கிறதோ அதற்கே பெரிய இடம். பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் துறையைத் தொடங்கினார் என்பதால், இந்த வரைபடத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

உங்கள் தந்தையின் கை விழுந்து, கால் ஓரளவு தப்பியதன் காரணம் இந்த வரைபடத்தில் இருக்கிறது. மூளையின் வெளிப்பக்கத்துக்கு, அதாவது முகம், கை, பேச்சு ஆகியவற்றுக்கான இடங்களுக்கு, நடுப் பெருமூளைத் தமனி ரத்தம் தருகிறது. காலுக்கான இடமோ இரு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்க்கும் உட்சுவரில் இருக்கிறது. அதற்கு ரத்தம் தருவது முன் பெருமூளைத் தமனி. நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் இடப்பக்க நடுப் பெருமூளைத் தமனியில் அல்லது அதன் கிளையில் அடைப்பு ஏற்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேன் அறிக்கையில் இந்தத் தமனியின் பெயர் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

நெற்றி மடலின் முன்பகுதி திட்டமிடல், பொறுமை, தன்னடக்கம், முன்யோசனை ஆகியவற்றோடு தொடர்புடையது. இதைச் சொல்லும்போது எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஃபினியஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளர்களின் மேற்பார்வையாளரை. 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பாறையில் வெடிமருந்து கெட்டிக்கும் இரும்புக் கம்பி, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் 6 கிலோ எடையும் உள்ளது, அவருடைய இடது கன்னத்தின் வழியே ஏறி உச்சியைத் துளைத்து வெளியே போய் விழுந்தது. அவர் பிழைத்தார், ஆனால் குணம் மாறி, பழைய கேஜாகவே இல்லை என்று அவருடைய மருத்துவர் ஹார்லோ எழுதினார். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கே கதையை முடித்துவிடுகின்றன. பின்னாளில் அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பல குதிரைகளைக் கட்டிய வண்டியை நேரம் தவறாமல் ஓட்டுவதற்குத் திட்டமிடலும் அடக்கமும் வேண்டும். இழந்ததில் பெரும்பகுதியை அவர் மீட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று கருதுவதற்கு இது வலுவான காரணம்.

உச்சி மடல் தொடுவுணர்வோடு நிற்பதில்லை. நம் உடல் எங்கே இருக்கிறது, சுற்றிலும் உள்ளவை எங்கே இருக்கின்றன என்ற இடவுணர்வை அது கட்டியெழுப்புகிறது. வலப்பக்க உச்சி மடலில் பக்கவாதம் வந்த சிலர், தங்கள் இடப்பக்க உலகையே கவனிக்காமல் விடுவார்கள். கண் பார்வை குறையாது. ஆனாலும் இலையில் இடப்பக்கம் வைத்த கறியைத் தொடாமல் வலப்பக்கத்தை மட்டும் உண்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார்கள். பாதி முகத்தை மட்டும் மழித்துக்கொள்வார்கள். 1978இல் இத்தாலிய ஆய்வாளர் பிசியாக், மிலான் நகரைச் சேர்ந்த இத்தகைய நோயாளிகளிடம், அந்நகரின் பேராலயச் சதுக்கத்தில் ஆலயத்தை நோக்கி நிற்பதாக மனத்தில் எண்ணிக்கொண்டு கண்ணுக்குத் தெரிபவற்றைச் சொல்லச் சொன்னார். வலப்பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள். இப்போது ஆலயப் படியில் நின்று எதிர்த்திசையில் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள் என்றதும், சற்றுமுன் விட்டுவிட்ட கட்டடங்களைச் சொல்லி, முன்பு சொன்னவற்றை விட்டார்கள். கட்டடங்கள் எல்லாமே அவர்கள் நினைவில் இருந்தன. இடப்பக்கம் என்பது மட்டும் மனத்திரையிலும் இல்லாமல் போயிருந்தது.

தொடுவுணர்வுப் பட்டை மாறிக்கொண்டே இருக்கும் ஒன்று என்பதை விளக்கியவர்களில் முக்கியமானவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்ட ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, இல்லாத கையின் விரல்களைத் தொடுவதாக அவர் உணர்ந்ததை 1990களில் ராமச்சந்திரன் பதிவு செய்தார். பட்டையில் கையின் இடமும் முகத்தின் இடமும் அடுத்தடுத்து இருப்பதால், காலியான இடத்துக்குள் முகத்தின் செய்திகள் நுழைந்துவிட்டன என்பது அவர் தந்த விளக்கம். வளர்ந்தவரின் மூளையும் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் என்ற இந்தச் செய்தி, உங்கள் தந்தைக்குத் தரப்படும் இயன்முறைச் சிகிச்சைக்கும் அடிப்படையானது.

பிடரி மடல் பார்வைக்கு உரியது. அதன் எந்தப் புள்ளி பார்வைப் புலத்தின் எந்த இடத்துக்கு உரியது என்பதை, 1904-05 ரஷ்ய ஜப்பானியப் போரில் தலையில் குண்டு துளைத்த வீரர்களைச் சோதித்து வரைந்தவர் தட்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர். இந்த மடலைச் சுற்றியுள்ள இடங்கள் நிறம், வடிவம், அசைவு என்று தனித்தனியே கவனிக்கின்றன. 1983இல் ஜெர்மனியில் விவரிக்கப்பட்ட ஒரு பெண்மணிக்கு அசைவைக் காணும் திறன் மட்டும் போய்விட்டது. கோப்பையில் தேநீர் ஊற்றினால், விழும் தேநீர் உறைந்து நிற்பதாகவே தெரியும். கோப்பை நிரம்புவது தெரியாது. சாலையில் தொலைவில் தெரிந்த வண்டி, அடுத்த கணம் பார்க்கும்போது பக்கத்தில் நிற்கும்.

இனி உங்களுக்கு மிக வேண்டிய பொட்டு மடலும் பேச்சும். 1861 ஏப்ரலில் பாரிஸ் நகரின் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்பவர் இறந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவரால் "டான்" என்ற ஓரசையைத் தவிரச் சொல்ல முடிந்தது மிகச் சொற்பம். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசைச்சொல் முழுதாக வெளிவரும். ஆனால் பிறர் சொன்னதில் பெரும்பகுதி அவருக்குப் புரிந்தது; எண்களை விரலைக் காட்டித் தெரிவித்தார். பால் புரோக்கா என்ற மருத்துவர் அவருடைய மூளையைத் திறந்து பார்த்து, இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் சேதம் இருப்பதைக் கண்டு, பேச்சை ஒழுங்குபடுத்தி வெளியிடும் திறன் அங்கே இருப்பதாக அறிவித்தார். 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானியர் இதற்கு நேரெதிரான நோயாளிகளை விவரித்தார். அவர்கள் சரளமாகப் பேசுவார்கள். பேச்சில் பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் அவர்களுக்குப் புரியாது. அவர்களுக்குச் சேதம் இடது பொட்டு மடலின் பின்பகுதியில் இருந்தது.

புரோக்கா லெபோர்னின் மூளையை வெட்டாமல் பாதுகாத்து வைத்ததால், அதை 2007இல் எம்.ஆர்.ஐ. எடுக்க முடிந்தது. சேதம் மேற்பரப்பில் மட்டும் இல்லை. ஆழத்தில், மொழிப் பகுதிகளை இணைக்கும் இழைக்கற்றை வரை போயிருந்தது. ஆகவே பேச்சு ஒரே ஒரு புள்ளியில் குடியிருக்கிறது என்று கொள்ள முடியாது. பல இடங்களும் அவற்றின் இணைப்புகளும் சேர்ந்தே பேசவைக்கின்றன. அவற்றில் எது அறுந்தாலும் பேச்சு ஏதோ ஒரு வகையில் குலைகிறது. ஓரிடம் ஒரு செயலுக்கு இன்றியமையாதது என்பதும், அந்தச் செயல் அங்கேயே நடக்கிறது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். மூளைப் படங்களில் வண்ணம் தீட்டிப் பெயரெழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

வலது கைப் பழக்கமுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கும், இடது கைப் பழக்கமுள்ளவர்களில் பெரும்பகுதியினருக்கும் மொழி இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. இது உண்மை. ஆனால் இதை நீட்டி, இடது மூளைக்காரர் கணக்கில் வல்லவர், வலது மூளைக்காரர் கலைஞர் என்று பிள்ளைகளை வகைபிரித்துப் பயிற்சி வகுப்புகள் விற்பதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. ரோஜர் ஸ்பெரி, கார்ப்பஸ் கலோசம் துண்டிக்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 1981இல் நோபல் பரிசு பெற்றார். இரு பக்கங்களும் தனித்தனியே என்ன செய்யக்கூடும் என்பதை அவர் காட்டினார். இணைப்பு அறுபடாத நம்மைப் போன்றவர்களிடம் இரண்டும் ஓயாமல் சேர்ந்தே இயங்குகின்றன. நாம் மூளையில் 10 விழுக்காட்டை மட்டும் பயன்படுத்துகிறோம் என்பதும் இப்படிப்பட்ட தவறான செய்தியே. அது உண்மையானால், எஞ்சிய 90 விழுக்காட்டில் எங்கே பக்கவாதம் வந்தாலும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. சொற்கள் ஓரிரண்டே வருகின்றன, அவற்றையும் முயன்று முயன்று சொல்கிறார், சொல்ல முடியாதபோது எரிச்சல் கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இது புரோக்கா விவரித்த வகையோடு ஒத்துப்போகிறது. தாம் சொல்ல வருவது வரவில்லை என்பது அவருக்குத் தெரிவதால்தான் எரிச்சல் வருகிறது. அப்படியானால் நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி அவருக்குப் புரிந்துகொண்டிருக்க வாய்ப்பு மிகுதி. எனினும் சேதம் பின்புறம் வரை பரவியிருந்தால் புரிதலும் குறையலாம் என்பதால், சோதித்தே முடிவு செய்ய வேண்டும். கையாலோ கண்ணாலோ சைகை காட்டாமல், "கண்ணை மூடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து, "முதலில் ஜன்னலைப் பாருங்கள், பிறகு கையைத் தூக்குங்கள்" என்று இரண்டு படியாகச் சொல்லுங்கள். தலையசைத்து விடை தரக்கூடிய கேள்விகளையும் கேளுங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் "ஆம்" என்றே தலையசைக்கிறாரா என்று பார்க்க, "நான் உங்கள் அண்ணனா?" என்பது போன்ற, "இல்லை" என்று விடை வர வேண்டிய கேள்விகளையும் நடுவில் வையுங்கள்.

புரிகிறது என்று தெரிந்தால், அவர் எதிரில் அவரைப் பற்றி மற்றவரிடம் பேசுவதை வீட்டார் அனைவரும் நிறுத்த வேண்டும். குழந்தையிடம் பேசுவது போன்ற குரலும் வேண்டாம். சிறிய வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு செய்தியாக, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பேச முயலும்போது சொல்லை எடுத்துக்கொடுக்க அவசரப்படாமல் காத்திருங்கள். எழுதிக் காட்டச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். வலக்கை விழுந்தது மட்டும் தடையன்று, மொழியே பாதிக்கப்பட்டிருப்பதால் இடக்கையாலும் எழுத்து சரியாக வராமல் போகலாம். அது வராவிட்டால் படங்களைக் காட்டித் தொடச் சொல்வது பயன்படும். விழுங்குவதில் சிரமமோ, தண்ணீர் குடிக்கும்போது இருமலோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் சளிக்காய்ச்சல் வரும்.

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும்; அதன் பிறகும் மெதுவாகத் தொடரக்கூடும் என்பதால், பயிற்சியைப் பாதியில் விட்டுவிட வேண்டாம். பேச்சு வராத பலருக்குப் பாட்டு வருகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும், கிழமைகளை வரிசையாகச் சொல்வதும், சிறுவயது முதல் பாராயணம் செய்த பதிகமோ ஜெபமோ வருவதும் உண்டு. லெபோர்னின் வாயிலிருந்து வசைச்சொல் முழுதாக வந்ததும் இந்த வகையே. நெட்டுருவாகப் பதிந்த பேச்சும் மெட்டும் புதிதாக வாக்கியம் அமைக்கும் வழியை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. வலப்பக்கத்தின் பங்கும் அவற்றில் இருப்பதாகக் கருதப்படுகிறது. மெட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பேச்சுக்குக் கொண்டுவரும் பயிற்சி முறை ஒன்றும் இருக்கிறது. எனவே உங்கள் தந்தை நலமாக இருந்தபோது எந்தப் பாட்டை முணுமுணுப்பார், எந்தப் பதிகத்தை நாள்தோறும் சொல்வார் என்று எழுதி எடுத்துக்கொண்டு, பேச்சுப் பயிற்சியாளரை முதல் முறை பார்க்கும்போதே அவரிடம் கொடுங்கள்.